கனமான எடிட்டர் கேட்டுப் போட்ட தீர்மானம்

தாராவியில் ஏழு மாடிக் கட்டடமொன்றின் சொசைட்டிக்கு பிரேமலதாதான் செக்ரட்டரி. மாடிப்படிக்கு அடியில் ஆபீஸ். அங்கே யாரோ கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் ஒரு வார்த்தை தட்டினால் முதல் எழுத்து திரையில் வர ஐந்து நிமிஷம். அதன் தலையில் புள்ளி வந்து உட்கார இன்னும் இரண்டு. புகார் எதுவானாலும் டைப் அடித்துத்தான் தர வேண்டும் என்பது சேர்மன் ஆறுமுகநயினாரின் சட்டம்.

புகார் சொல்ல வருகிறவர்கள் பெஞ்சில் காத்துக் கிடந்து, நடுவில் குக்கரை இறக்கப் போய், திரும்பி வருவதற்குள் யார் மேல் கோபம் என்பதையே மறந்துவிடுவார்கள். வருஷத்துக்கு நான்கு புகார் தேறினால் அதிகம். பிரேமலதாவுக்கு இது மானக்கேடாக இருந்தது.

மாட்டுங்காவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஹரியை அழைத்து வந்தாள்.

"மெஷின் பாவம்க்கா. அது தலையில இவ்ளோ பாரம் ஏத்துனா என்ன செய்யும்? டைப் அடிக்க ஹல்கா எடிட்டர், அதான் கனமில்லாத சாப்ட்வேர், மூணு போட்டுத் தாரேன். எது தோதுன்னு நீங்களே பாருங்க" என்றான்.

முதலாவது சட்டென்று திறந்தது. ஆனால் தமிழில் கொம்பும் காலும் எழுத்தோடு ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. இரண்டாவது கறுப்புத் திரை. அதை மூடத் தெரியாமல் பிரேமலதா மெயின் சுவிட்சையே அணைத்தாள். மூன்றாவதில் வண்ணமும் இல்லை, படமும் இல்லை. விரலை எடுப்பதற்குள் எழுத்து வந்து நின்றது. அவள் சந்தோஷத்தில் 'பிரேமலதா, செக்ரட்டரி' என்று பதினோரு தடவை அடித்துப் பார்த்தாள்.

முதல் வாரம் அறுபத்து மூன்று புகார்கள் வந்தன. மூன்றாம் மாடி சண்முகவடிவு, ஐந்தாம் மாடி விஜயலட்சுமி தன் கனவில் வந்து திட்டினாள் என்று கொடுத்தாள். மூன்றே நிமிஷத்தில் அச்சாகிவிட்டது. அன்று மத்தியானமே விஜயலட்சுமியின் பதில்: 'எனக்கு முட்டுவலி. நான் வாசற்படி தாண்டி யார் கனவுக்கும் போவதில்லை.' இருவருக்காகவும் ஆள் சேர்ந்தது. லிப்டில் இரண்டு கட்சியும் ஒன்றாக ஏறுவதில்லை.

சேர்மன் பொதுக்குழுவைக் கூட்டினார்.

"பிரேமா, அந்தப் பழையதையே போடச் சொல்லு. அதவிடக் கனமா இருந்தாலும் சரிதான்."

"அண்ணாச்சி, மூணுல தேடி எடுத்தது..."

"அதாம்மா தப்பு."

தீர்மானம் ஒரு நிமிஷத்தில் அடித்து முடிந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஹரி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "யே லோக் பாகல் ஹை, எல்லாம் பைத்தியம்" என்று முனகியபடி பழையதை ஏற்றினான். கனம் கூட்ட ஒரு செஸ் விளையாட்டையும் பஞ்சாங்கத்தையும் சேர்த்தான். பிரேமலதா யாருக்கும் தெரியாமல் அந்த மூன்றாவது எடிட்டரை பென் டிரைவில் எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

மறுநாள் சண்முகவடிவு இரண்டாவது கனவோடு வந்தாள். விஷயம் தெரிந்து விஜயலட்சுமியும் முட்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். பிரேமலதா 'அனுப்புநர்' என்று தட்டினாள். திரையில் 'அ' வந்தது. பெஞ்சின் இரு முனையிலும் இருவர். டீ வந்தது. 'னு' வரவில்லை.

கடைசியில் விஜயலட்சுமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எட்டீ, ஒன் கனவுல நான் என்ன சேல கட்டியிருந்தேன்?"

"பச்சை. சரிகை போட்டது."

"எங்கிட்டப் பச்சையே கெடையாதே!"

"நல்லாத்தான் இருந்துச்சு ஒனக்கு" என்றாள் சண்முகவடிவு, அவள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து.