வெறும் ஆணி

1

இந்தக் கதை ஒரு ஆணியிலிருந்து பிறந்தது என்றால் நம்புவீர்களா? கண்காட்சிக் கூடத்தின் மூன்றாவது சுவரில் படம் எதுவும் மாட்டாத ஆணி. அதற்குப் பக்கத்தில் ஒட்ட நான்கு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நான்கு வரி வரவில்லை. கதை வந்து தொலைத்தது.

2

முதல் தொடக்கம்: 'நாற்பது ஆண்டுகளாகத் தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் எனப் பால்புதுமையினரைப் படமெடுத்த அந்தப் புகைப்படக்காரர், நம் காலத்தின் மனசாட்சியாக...' (வேண்டாம். அக்கா படித்தால் கிழித்துப் போடுவார்.)

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவுக்கு ஒரே விதி: படத்தில் இருக்கும் எல்லோரும் சம்மதித்தால்தான் படம் சுவருக்கு வரும்.*

* இளவயதில் அவருடைய சிநேகிதியின் படம், கண்ணில் கறுப்புப் பட்டையோடு, ஏதோ குற்றவாளியைப் போலச் செய்தித்தாளில் வந்தது. பட்டையையும் மீறி ஊரே அடையாளம் கண்டுகொண்டது. அதன்பிறகுதான் அக்கா கேமராவைத் தூக்கினார்.

3

அந்த ஆணிக்குரிய படத்தில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் ஒருத்தி மற்றவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். பின்னுகிறவள் தையல்காரி. உட்கார்ந்திருப்பவள் [இங்கே ஒரு வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன்.]

தையல்காரி நேரில் வந்தே சொன்னாள். "மாட்டுங்கக்கா. நாங்க ரெண்டு பேரும் இருந்தோம்னு ஒரு சுவராவது சொல்லட்டும்."

மற்றவள் போனில் அழுதாள். "என் பொண்ணுக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவா."

"அவங்க முகத்தை மட்டும் மங்கலாக்கிடலாமே?" என்று நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"முகத்தை மறைக்கவா இத்தனை வருஷம் கேமராவைத் தூக்கிட்டு அலைஞ்சேன்?" என்றார் அக்கா. "ஆணி மட்டும் இருக்கட்டும்."

4

இப்போது என் சங்கடம் புரிகிறதா? எழுத்தும் ஒரு சுவர்தானே. தையல்காரி "எழுது" என்றாள். மற்றவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதனால் அவள் வரும் இடமெல்லாம் அடித்துக்கொண்டே வருகிறேன். தொழில், உயரம், சிரிப்பு, எல்லாம் போயாயிற்று.

ஒரு முடிவு: தையல்காரி வெறும் ஆணியைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு... (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

இன்னொன்று: மகள் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு அம்மாவைக் கட்டிப்பிடித்து... (எழுதுகிற எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

5

கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். திறப்பு நாளன்று தையல்காரி ஆணிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாலையில் மற்றவள் வந்தாள், மகளோடு. இருவரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

மகள் ஆணியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏம்மா, இங்க மட்டும் ஏன் ஒண்ணுமே மாட்டல?"

தையல்காரி போய்விட எழுந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தி, திரும்ப உட்காரவைத்தாள். கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு மகளுக்குப் பதில் சொன்னாள்.

பக்கத்தில்தான் நின்றேன், முழுதாகக் காதில் விழுந்தது. ஆனால் அதை எழுத அவள் சம்மதிக்கவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்: நீங்கள் அந்த மகளாக இருந்தால், அதைக் கேட்ட பிறகும் அம்மாவோடு வீட்டுக்குப் போவீர்களா?