மணி அடிக்கும்வரை வளர்ந்த நரம்பு

பிரான்வென் பெத்ரிக்கின் வலது ஆள்காட்டி விரல், நகத்தைத் தாண்டி நான்கடி தள்ளித்தான் முடிகிறது. ஆஸ்திரேலியாவின் மொனாரோ மேட்டில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இந்த வருஷம் பனி முன்கூட்டியே விழுந்ததைத்தான் பேசுவார்கள்.

கம்பளியைத் தொட்டு ரகம் பிரிப்பது அவள் தொழில். ஆட்டுக்கொட்டகையில் கத்தரி நழுவி மணிக்கட்டு நரம்பு அறுந்ததில் விரல் மரக்கட்டையாகிவிட்டது. கான்பெரா மருத்துவர் இடைவெளியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துத் தைத்தார். குழாய் தானே கரைந்துவிடும், நரம்பு அதற்குள் ஊர்ந்து நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும் என்றார். அடுத்த பருவத்துக்குள் உணர்ச்சி திரும்பாவிட்டால், மூட்டைகளில் தன் எண்ணைப் பதிக்கும் தகட்டை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொழிலையே விட வேண்டியதுதான்.

வெள்ளிதோறும் தேநீர் வேளையில், ரோமம் கத்தரிக்கும் டாரில் நூனன் அவள் கையைத் தட்டிப் பார்ப்பான். எங்கே தட்டினால் சுரீர் என்கிறதோ, அங்கே ஆட்டுக்கு அடையாளமிடும் நீலச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவான். ஆறு மாதத்தில் கோடு நகத்தைத் தொட்டது. சூடு தெரிந்தது, முள் தெரிந்தது. ஆனால் எந்தக் கம்பளியைத் தொட்டாலும் சாக்குத்துணியாகவே இருந்தது. பிரான்வென் எல்லார் முன்னாலும் அழுதாள்.

அடுத்த வெள்ளி டாரில் அவள் விரலை மேசைமேல் வைத்து, நகத்துக்கு அப்பால் பலகையில் கோடு போட்டான்.

"விரல் முடிஞ்சுபோச்சுடா, கூமுட்ட!"

"வேல முடியிற மணி அடிச்சாங்களா? மணி அடிக்கிற வரைக்கும் நாங்க கத்தரிய கீழ வைக்க மாட்டோம், பிரான்."

நரம்புக்கும் மணிச்சத்தம் கேட்கவில்லை. அது கோட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போனது. மூன்றாம் வாரம் மேசைக்கு வந்த கம்பளியை, தொடுவதற்கு முன்பே, "இழை கனம் பதினேழு மைக்ரான், நயம் சரக்கு" என்றாள். ஆய்வுக்கூடமும் அதையே சொன்னது. தகடு அவளிடமே இருந்தது. கொட்டகை கூத்தாடியது, சமையல்காரி ஷெர்லி மூன்று தட்டு லாமிங்டன் கேக் செய்தாள்.

டாரில் மட்டும் நிறுத்தவில்லை. மூன்று வருஷம் நான்கு மாதம் கோடு போட்டான். கோடு மேசையைக் கடந்து, எதிர்ப்பக்கம் ஊன்றியிருந்த அவன் உள்ளங்கையை எட்டியது.

"ஏன்டா இப்படிப் படபடன்னு அடிச்சுக்குது உனக்கு?"

"மூணு வருஷமா அப்படித்தான். உனக்கு இப்பத்தான் எட்டுது."

ஷெர்லி ஓடிப்போய் மணியை அடித்தாள். நரம்பு அங்கேயே நின்றது.

கல்யாணத்துக்குப் பின் அவர்கள் சாப்பாட்டு மேசையைச் சரியாக நான்கடி அகலத்தில் செய்துகொண்டார்கள். தச்சர் காரணம் கேட்கவில்லை.