ஐஸ் பெட்டி மல்லி

மலிகாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். நெட்டுக்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போன சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பூ ஏற்றிவந்த ஆட்டோ, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகு வாடிய கூடையோடு வந்து நின்றது.

"நம்ம ஊர்ல பூ பூத்தா இந்த பேஜாரு இல்ல. இங்க இன்னா பூ கீது? சாம்பல்தான் பூக்குது" என்றான் பூசாரி தீனா. கூட்டம் சிரித்தது. மலிகாவுக்குச் சுருக்கென்றது.

"அடுத்த வருசம் அம்மனுக்கு என் வூட்டு மல்லிதான்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். சன்னதியில் சொன்ன சொல். செய்யாமல் போனால் ஊர் சிரிப்பதோடு முடியாது, அவளாலேயே அம்மன் முகத்தில் முழிக்க முடியாது.

சொல்லிவிட்டாளே தவிர, செடி வைக்க மண் எங்கே? முகத்துவாரத்தை ஒட்டிய அந்த உப்பு மண்ணில் புல்லே யோசித்துத்தான் முளைக்கும். ஆனால் மலிகா மீன் விற்கிறவள். ஓரம் உடைந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டிகள் வீட்டைச் சுற்றி இறைந்து கிடந்தன. அடியில் ஓட்டை போட்டாள். மீஞ்சூரிலிருந்து செம்மண் மூட்டையும் மல்லிப் பதியன்களும் ரயிலில் கொண்டுவந்து, வாசல் சுவரோரம் வரிசையாக வைத்தாள். இடம் போதாமல் ஒரு பெட்டி பாத்ரூம் கூரைமேல் ஏறியது.

மீன் கழுவிய தண்ணீர்தான் உரம். அந்த வாசத்துக்கு ஊர்ப் பூனைகள் எல்லாம் வந்து பெட்டியைப் பிராண்டின. பழைய வலையை மேலே போர்த்தி அதுகளை விரட்டினாள். சாம்பலை எந்த வலையாலும் விரட்ட முடியவில்லை. அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுப் பக்கமிருந்து காற்று வீசினால் போதும், இலையெல்லாம் சாம்பல் நிறம்தான். தினமும் வியாபாரம் முடிந்து வந்ததும் கிழிந்த சேலைத் துணியை நனைத்து இலை இலையாகத் துடைத்தாள்.

"புள்ளைக்கு மூஞ்சி தொடச்சு வுடுற மாதிரி இன்னா அண்ணி இது" என்று பக்கத்து வீட்டு நாத்தனார் நீலா கிண்டலடித்தாள்.

"என் புள்ளதான்டி. உனக்கு இன்னா."

பங்குனியில் முதல் மொட்டு வந்தது. அரிசி மணி அளவுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. அன்றைக்கு அவள் புருஷன் தீய்ந்த குழம்பைத்தான் தின்றான். அவளுக்கு அதில் துளி வருத்தம் இல்லை.

சித்திரை பிறந்ததும் காட்டுப்பள்ளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். நாலு நாளைக்குச் செடியை நீலாவிடம் ஒப்படைத்தாள். "மீன் தண்ணி வுடு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீலா சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள். கருவாட்டுக் குழம்புக்குப் பேர்போன கடை. உப்புப் போக ஊறவைத்த கருவாட்டுத் தண்ணீர் வாளி வாளியாகச் சேரும். கருவாடும் மீன்தானே என்று அத்தனையையும் கொண்டுவந்து ஊற்றிவிட்டாள். அதுவும் பாசமாக, வயிறு முட்ட.

மலிகா திரும்பி வந்தபோது இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. மொட்டுகள் காய்ந்து பெட்டிக்குள் உதிர்ந்து கிடந்தன. விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாய் அப்படி அடங்கி நீலா பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் தண்ணீர் லாரி வந்ததும் முதல் ஆளாகக் குடத்தோடு நின்றவள் நீலாதான். "உப்பு போற வரைக்கும் ஊத்துவோம் அண்ணி" என்றாள். லாரி வந்தபோதெல்லாம் கடைக்குப் பிடிக்க வேண்டிய நல்ல தண்ணீரைச் செடிக்குச் சுமந்தாள். பாதிக்கு மேல் செத்தன. சுவரோரம் ஒன்றிரண்டு செடி துளிர் மட்டும் விட்டது. கூரைமேல் இருந்த பெட்டி நீலாவுக்கு எட்டாததால் தப்பித்தது. அது மட்டும் வெயிலைக் குடித்துக்கொண்டு மொட்டாகத் தள்ளியது.

திருவிழாவன்று பறித்ததைக் கட்டினால் ஒரு முழம்கூடத் தேறவில்லை. தட்டில் வைத்து இருவரும் கோயிலுக்கு நடந்தார்கள். பாதி வழியில் காற்று திரும்பியது. கோயிலை அடைவதற்குள் வெள்ளைப் பூவின்மேல் சாம்பல் பூவாக உட்கார்ந்துவிட்டது.

தீனா தட்டைப் பார்த்து முகம் சுளித்தான். "யக்கா, கலீஜா கீது. குழாய்ல அலசிக்கினு வா. அம்மனுக்குச் சுத்தமா போடணும்."

மலிகாவின் கை தட்டை இறுக்கியது. ஒரு வருசம் துடைத்த கை அது.

"அலச மாட்டேன். அப்படியே போடு."

"சாம்பல் அவ மேல வுழும்க்கா."

"வுழட்டும். எங்க சோத்துல வுழுது. எங்க புள்ளைங்க மூச்சுல போவுது. அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு அலசிக் குடுக்கணும்? அவ மேல வுழுந்தாத்தான் அவளுக்குக் கோவம் வரும்."

இந்தத் தடவை கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. "போடு தீனா" என்றாள் நீலா. பின்னால் இன்னும் சில பெண்கள் அதையே சொன்னார்கள்.

தீனா சரத்தை எடுத்து, பாரிமுனைப் பூக்கடையிலிருந்து வந்த பெரிய மாலைகளை விலக்கி, அம்மன் கழுத்தை ஒட்டிப் போட்டான். மஞ்சள் பட்டில் சாம்பல் உதிர்ந்தது. பழக்கத்தில் தோள் துண்டை எடுத்துத் துடைக்கப் போனவன், மலிகாவைப் பார்த்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கற்பூரத்தை ஏற்றினான்.