விசில்காரர் மேம்பாலம்

விசில்காரர் வீட்டம்மாவுக்கு முந்தின நாள் பொட்டுத் தூக்கம் இல்லை. கவலையால் அல்ல, சந்தோஷத்தால். அந்த வயதில் சந்தோஷத்தால் தூக்கம் கெடுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? விடிந்ததும் குளித்து, மகள் எடுத்துக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று கயிறு இழுத்துப் பார்த்தாள். கயிறு ஏது, வெறுங்கைதான்.

"என்னம்மா பண்றே?" என்றாள் மகள், வாயில் பல்துலக்கியோடு.

"எப்படி இழுத்தா போட்டோவுல நல்லா விழும்னு பாக்குறேன்."

விஷயம் இதுதான். ஊரின் நாலு ரோட்டுச் சந்திப்பை இடித்து, அங்கே வளைவு மேல் வளைவாக ஒரு பெரிய மேம்பாலம் கட்டி, வண்டிகளையும் விட்டிருந்தார்கள். அதற்கு அவள் கணவரின் பெயரைச் சூட்டப் போகிறார்கள். அமைச்சர் வருகிறார். பெயர்ப் பலகையை மூடியிருக்கும் துணியை அமைச்சரும் அவளும் சேர்ந்து கயிறு இழுத்துத் திறக்க வேண்டும்.

அவள் கணவர் முதலில் பட்டாளத்தில் இருந்தவர். ஒரு காதை எல்லையில் விட்டுவிட்டு ஊர் திரும்பி, போக்குவரத்துக் காவலராகச் சேர்ந்தார். அந்தச் சந்திப்பின் நடுவில் இருந்த வட்ட மேடையில்தான் வேலைக்காலம் முழுக்க நின்றார். வாயைத் திறக்கவே மாட்டார். கையும் விசிலும்தான் பேசும். அதனால் ஊருக்கு அவர் பெயர் தெரியாது, விசில் என்றால் தெரியும். ஹாரன் அடித்தால் மட்டும் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். அடித்தவனை இறக்கி ஓரமாக நிற்க வைத்து, "ஒரு காத பட்டாளத்துக்குக் குடுத்துட்டேன், இன்னொண்ணு உனக்கு வேணுமா?" என்பார். அவர் பேசி ஊர் கேட்டது அனேகமாக அது ஒன்றைத்தான்.

வெள்ளம் வந்த வருஷம் ஆற்றுச் சாலை முழுகிப் போனபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்று வண்டிகளைத் திருப்பி விட்டார். மழை விடும்வரை வீட்டுக்கு வரவில்லை. ஒரு வண்டியும் ஆற்றோடு போகவில்லை. ஆனால் பதவி உயர்வு, அந்த நாட்களில் அலுவலகத்தில் கால் நனையாமல் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் போயிற்று. விசில்காரருக்கு அது உறைக்கவே இல்லை. இவளுக்கு உறைத்தது. ஓய்வு பெற்ற அன்றுகூட ஒரு மாலை இல்லை, ஒரு வார்த்தை இல்லை. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார், அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது அவள் நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. அந்த மனிதருக்காக ஊர் ஒரே ஒரு தடவை கை தட்ட வேண்டும், அதைத் தன் காதால் கேட்க வேண்டும். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒன்றுதான்.

மருந்துக்கடை வைத்திருக்கும் மருமகன் காரை ஓட்டினான். மகள் முன்னால், அவள் பின்னால். அதிகாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. கார் பாலத்தில் ஏறியதும் தரை மறைந்தது. கீழே முழுக்கப் பனிமூட்டம், மேலே வெளுத்த வானம், நடுவில் ஈரத்தில் மினுங்கும் ரோடு. இப்போதைக்கு நாம் எந்த ஊரிலும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"எந்தப் பக்கம் எறங்கணும்?" என்றாள் மகள்.

"பலகை வரும், பாத்துப் போலாம்" என்றான் மருமகன்.

பலகை வந்தது. வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தது. அடுத்ததும் வந்தது. அதிலும் வெள்ளைத் துணி. காற்றில் அது உப்பி உப்பித் தணிந்தது, உள்ளே யாரோ நிம்மதியாகத் தூங்கி மூச்சு விடுகிற மாதிரி.

மகள் பாலத்தின் பொறியாளருக்குப் போன் போட்டாள். சத்தம் பின் சீட்டு வரை கேட்டது.

"எல்லாப் பலகையிலயும் மேல சார் பேரு இருக்குங்க. அமைச்சர் தெறந்து வெக்கிறதுக்கு முன்னாடி பேரு வெளிய தெரியக் கூடாதுன்னு உத்தரவு. அதான் நேத்து மூடிட்டோம்."

"சரிங்க, நாங்க எப்படி வர்றது?"

"இடது பக்கம் மூணாவது பலகைகிட்டத் திரும்புங்க."

"எல்லாமே வெள்ளையா இருக்குங்க."

"அதுல மூணாவது வெள்ளை."

மருமகன் போனில் வரைபடத்தைத் திறந்தான். பாலம் புதிது. போனுக்கு இன்னும் சேதி எட்டவில்லை. "இதுல பாத்தா நாம வயல் நடுவுல நிக்கிறோம்" என்றான்.

"நிக்கல, ஓட்டிக்கிட்டிருக்கீங்க. ரோட்டப் பாருங்க" என்றாள் மகள்.

அவன் திரும்பினான். வளைவு அவர்களைச் சுற்றிக் கொண்டுபோய்ப் புறப்பட்ட இடத்திலேயே விட்டது. மறுபடி திரும்பினான். மறுபடியும் அதே இடம். அவர்கள் மட்டும் அல்ல, ஊரே அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு தண்ணீர் லாரி. அதற்கும் காருக்கும் நடுவில் வீடு மாற்றும் ஒரு வேன். அதன் திறந்த பின்பக்கத்தில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே, ஓர் அம்மாள் மடியில் சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் சுற்றில் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த சுற்றில் சிரித்தார்கள். அதற்கடுத்த சுற்றில் அந்த அம்மாள் கையாலேயே "சாப்பிட்டாச்சா?" என்று விசாரித்தாள்.

ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் பனிமூட்டம் விலகி, கீழே விழாப் பந்தல் தெரிந்தது. வரிசையாக நாற்காலிகள், மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" சொல்லும் ஆள். அதன் பக்கத்தில் ஒரு பெரிய தூண். அந்தத் தூண் நிற்கிற இடத்தில்தான் அவருடைய வட்ட மேடை இருந்தது.

தூங்காத கண். கார் சுற்றச் சுற்ற அவளுக்கு இமை சொக்கியது.

கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாட்டை அவள்தான் சந்திப்புக்கு எடுத்துப் போவாள். மூலைக் கடையின் நிழலில் தூக்கோடு நிற்பாள். அவர் மேடையில் நின்றபடி நாலு திசைக்கும் திரும்புவார். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அவர் முகம் அவள் பக்கம் வரும். சிரிக்க மாட்டார், வேலை நேரம். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் லேசாக மடங்கும். பார்த்துவிட்டேன், கொஞ்சம் இரு என்று அர்த்தம். அத்தனை பெரிய ரோட்டில், அத்தனை வண்டிக்கு நடுவில், அந்த ஒரு விரல் அவளுக்கு மட்டும் பேசியது.

இப்போது அவள் சுற்றுகிறாள், அவர் நடுவில் நிற்கிறார். பனிக்குள் வெள்ளைக் கையுறை எழுந்து இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. வளைவு திரும்பும்போதெல்லாம் அவர் முகம் வந்தது, போனது. இப்படியே சுற்றிக்கொண்டிருந்தால் போதும், இறங்கவே வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு. பிறகு கைதட்டல் ஞாபகம் வந்தது. இறங்கத்தான் வேண்டும்.

கார் குலுங்கி நின்றது. விழித்துக்கொண்டாள்.

பாதை மூன்றாகப் பிரிகிற இடம். இருப்பதிலேயே பெரிய பலகை அங்கேதான் நின்றது, பெரிய வெள்ளைத் துணியோடு. தண்ணீர் லாரி அதன் முன்னால் நின்றுவிட்டது. தப்பான கிளையில் இறங்கினால் நெடுஞ்சாலையில் போய் விழ வேண்டும், திரும்பி வர அரைப்பொழுது ஆகும். லாரிக்காரர் கீழே குதித்து, "எனக்குச் சுத்தி சுத்தித் தலையே கிறுகிறுங்குது, இனி ஒரு அடி நகர மாட்டேன்" என்று அறிவித்தார். பின்னால் வரிசை நீண்டது. ஹாரன் சத்தம் காதைப் பிய்த்தது.

மருமகன் இறங்கிப் போய் லாரிக்காரரிடம் தணிவாக ஏதோ சொன்னான். அவர் தணியாமல் கத்தினார்.

"எவனோ ஒருத்தனுக்குப் பேரு வெக்கிறாங்களாம் சார். அதுக்காக வழியக் காட்டுற பலகையப் போய் மூடி வெச்சிருக்காங்க. எவன்னு தெரியல. செத்தும் வழி விட மாட்டேங்கிறான்!"

பின் சீட்டில் அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. வாழ்நாள் முழுக்க ஊருக்கு வழி விட்டே நின்ற மனிதர். பட்டாளத்திலும் ரோட்டிலும் யார் வாயிலும் விழாத மனிதர். இன்று, அவர் பெயர் வெளியே வருவதற்குள்ளாகவே, ஊர் வாயில் விழுந்துவிட்டார்.

கதவைத் திறந்து இறங்கினாள்.

துணியிலிருந்து ஒரு கயிறு இறங்கி, ஓரச் சுவரைத் தாண்டி, நேர் கீழே இருந்த விழா மேடைக்குப் போயிருந்தது. அவள் சுவரோரம் போய் அதைப் பிடித்தாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. ஓடி வந்தாள்.

"அம்மா, வேணாம்மா! கீழ எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. அமைச்சர் இப்ப வந்துருவாரு. இத்தனை வருஷமா நீ எதுக்காகக் காத்திருந்தியோ... அப்பாவுக்குன்னு இந்த ஒரு நாள்தாம்மா."

"தெரியும்டி."

"இப்ப தெறந்துட்டா அங்க எதைத் தெறக்கிறது? யாரு கை தட்டுவா?"

அவள் கை நின்றது. கைதட்டல் வேண்டும் என்றுதான் அவள் மனசு இன்னும் அடித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது. பின்னால் ஹாரன்கள் கூடிக்கொண்டே போயின. வீடு மாற்றும் வேனில் அந்த அம்மாள் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ முறையிட்டாள்.

"உங்கப்பா பேரச் சொல்லி ஒரு மனுஷன் வழி தெரியாம நிக்கக் கூடாதுடி" என்றாள். இழுத்தாள்.

கீழே, பூச்சுற்றிய கயிற்று நுனி மேடையிலிருந்து தானாக எழுந்து மெதுவாக மேலே போயிற்றாம். மைக் பிடித்த ஆள் "ஹலோ"வைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தாராம். பிற்பாடு சொன்னார்கள்.

மேலே, மழையில் ஊறிய துணி மொத்தமும் அவள் மேலேயே வந்து விழுந்தது. ஒரு கணம் எங்கும் வெள்ளை. ஹாரன்கள் தூரத்துக்குப் போய்விட்டன. ஈர வாடை, அவர் மழையில் நனைந்த சட்டையோடு வீட்டுக்குள் நுழைகிற வாடை. அதற்குள் அப்படியே நின்றாள். அவசரம் இல்லை என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது. மகள் வந்து துணியை விலக்கியதும் வெளிச்சம் வந்தது.

பலகையில் மேலே பட்டாளப் பதவி, காவல் பதவி, அவர் முழுப் பெயர். கீழே மூன்று அம்புக்குறிகள். ஊருக்குள், ஆற்றுச் சாலை, நெடுஞ்சாலை. அவள் பெயரை ஒரு தடவை வாய்க்குள் படித்தாள். எழுத்துகள் தடிமனாக, நன்றாகத்தான் இருந்தன. கை தட்ட ஒருவரும் இல்லை.

லாரிக்காரர் பெயரைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது யாரும்மா? உங்களுக்கு வேண்டியவங்களா?"

"எங்க வீட்டுக்காரர். நாலு ரோட்டுல நின்னுக்கிட்டிருப்பாரு."

"நாலு ரோட்டுல..." அவர் முகம் மாறியது. "விசிலா? விசில் ஐயாவா?"

அவள் தலையசைத்தாள்.

"ஐயோ, என்ன பேச்சு பேசிட்டேன் நான்! வெள்ளத்தன்னைக்கு என் வண்டியத் திருப்பி விட்டவரும்மா அவரு. நான்கூட திட்டிக்கிட்டேதான் திரும்பினேன்." இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு திரும்பி, வரிசையைப் பார்த்துக் கத்தினார். "யோவ், ஹாரன நிறுத்துங்கய்யா! இது நம்ம விசில் ஐயா பாலம்!"

வேனிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து பின்னால் நின்ற கார்களுக்கு அந்தச் சேதி கைமாறிக்கொண்டே போயிற்று. விசிலாம். நம்ம விசில். ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் ஒன்று மட்டும் எங்கோ விடாமல் கத்தியது. யாரோ அதட்டியதும் அதுவும் நின்றது.

வண்டிகள் நகர்ந்தன. ஒன்று ஊருக்குள், ஒன்று ஆற்றுக்கு, ஒன்று நெடுஞ்சாலைக்கு. எஞ்சின் உறுமலும் ஈர ரோட்டில் டயர் ஓடும் சத்தமும் மட்டும்தான். பலகையைக் கடக்கும்போது ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். வேனில் அந்த அம்மாள் கடிகாரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள். ஹாரன் இல்லாத அவ்வளவு பெரிய ரோட்டை விசில்காரர் வீட்டம்மா அதுவரை பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. அந்த ஒரு காதுக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நின்றாள். தன் வலது கை தோள் உயரத்துக்கு எழுந்து வண்டிகளை வழியனுப்பிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியவில்லை.

வரிசை தீர்ந்து, அவர்கள் கார் மட்டும் நின்றது. கீழேயிருந்து மைக்கில் யாரோ அவசர அவசரமாக அமைச்சரை வரவேற்கத் தொடங்கினார்கள். திறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அவரிடம் யார் சொல்வார்களோ, அது பொறியாளர் பாடு.

மகளும் மருமகனும் காரில் ஏறிக் காத்திருந்தார்கள். அவள் வருவதாகத் தெரியவில்லை. பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். காரைத் திரும்பிப் பார்க்காமலே, இடது கைச் சுண்டுவிரலை லேசாக மடக்கினாள்.

"கூப்பிடுறாங்களா, நிக்கச் சொல்றாங்களா?" என்றான் மருமகன். நேரமாகிவிட்ட பதற்றத்தில் அவன் கை பழக்கதோஷத்தில் ஹாரனுக்குப் போயிற்று.

மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.