கைக்குள் ரிலே

கார் மூன்றாவது முறையாக அணைந்ததும் கட்லெஹோங் மைதானத்தின் வேலிக்கு அப்பாலிருந்து ஒருவன் கத்தினான்: "லுங்கிலே, கழுதை பூட்டித் தரட்டுமாடா?"

நொம்புசோ சிரிக்கவில்லை. தம்பி லுங்கிலேயின் பழைய சிவப்புக் குஷெஷே காரில், பக்கத்து இருக்கையின் காலடியில் தலையை விட்டுக் குனிந்திருந்தாள். போன மாதம், காரை வட்டமடித்துச் சுழற்றிக் காட்டும் ஆட்டத்தில் பெட்ரோல் போதாமல் கார் திணறியதால் பெரிய பம்ப் மாட்டியிருந்தார்கள். அதன் இழுப்பைப் பழைய ஒயர் தாங்காதென்று பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, நடுவில் மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சிறு பெட்டியாகப் புது ரிலே வைத்தவள் அவள்தான். ரிலேயைத் தூண்டிவிட மட்டும் பழைய மெல்லிய ஒயர். அது உள்ளுக்குள் எங்கோ அரித்திருந்தது. ரிலே படபடவென்று அடித்துக்கொண்டு அடங்கிப்போனது.

"அக்கா, அடுத்து நாமதான். சீக்கிரம்."

அவள் அந்த ஒயரை வெட்டிவிட்டு, சாவியிலிருந்து வரும் ஒயரில் ரிலேயை இணைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றினாள். பம்ப் ரீங்கரித்தது. எஞ்சின் உறுமியது. லுங்கிலே அவள் உச்சந்தலையில் முத்தமிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதுவரை எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும். அந்தப் பழைய ஒயர் செய்துவந்த வேலை அது. சாவி ஒயருக்கு அது தெரியாது. இனி கார் கவிழ்ந்து கிடந்தாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். லுங்கிலேயோ பாதிச் சுற்றில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே போய், முதுகு தரையை உரசத் தொங்குவான். சாவியருகே யாரும் இருக்கமாட்டார்கள்.

சொன்னால், பொம்பளை கை வைத்த வண்டி என்று இந்த வேலி நெடுகப் பேச்சு ஓடும். அந்தப் பேச்சையும் அவன் உயிரையும் ஒரு கணம் தராசில் வைத்துப் பார்த்துவிட்டோம் என்பதை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கூசியது.

"லுங்கி, இன்னிக்கு வெளிய தொங்காத."

"ஏன்? சரியாயிடுச்சே!"

"பம்ப்பு ஓடும். ஆனா தானா நிக்காது. கவுந்தா பெட்ரோல் கொட்டிக்கிட்டே இருக்கும். அவசரத்துல நான்தான் அப்படி மாத்திட்டேன்."

அவர்கள் முறைக்கு விசில் ஊதினார்கள்.

"தொங்காம வெறுமனே சுத்திட்டு வரவா? அம்மா தெருவையே கூட்டிட்டு வந்து உக்காந்திருக்கா. செத்தா உன் கனவுல வந்து திட்டுறேன், போ."

"வாயக் கழுவு." அவள் கதவை இழுத்துச் சாத்தி, பக்கத்து இருக்கையில் பெல்ட்டை மாட்டினாள். "ஏதாவது ஆச்சுன்னா நான் ரிலேயப் பிடுங்கிடுவேன்."

"மினிபஸ்ல போனாலே வாந்தி எடுப்ப நீ!"

"எடுத்துக்கறேன். நீ ஓட்டு."

கார் சுழன்றது. முகங்களும் தகரக் கூரைகளும் ஒரே கோடாயின. டயர் புகை தொண்டையை அடைத்தது. லுங்கிலே ஸ்டியரிங்கை விட்டான். இடுப்பு, முழங்கால் என்று வெளியே நழுவினான். அவள் குனிந்து ரிலேயைக் கைக்குள் பிடித்தாள். முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சைப்போல அது கதகதத்தது. ஒரு நொடி முந்திப் பிடுங்கினால் எஞ்சின் செத்து அவன் தூக்கியெறியப்படுவான். பிந்தினால்…

ஜன்னல் விளிம்பில் அவன் செருப்புக் கால்கள் மட்டும் மிச்சமிருந்தன. இடது செருப்பின் அடியில், அவள் கிழித்துப்போட்ட கறுப்பு டேப்பின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு, காற்றில் படபடத்தது.