திரும்பி வந்த புத்தகங்கள்

எழுந்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சினான். அத்தையின் முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்து, மாத்திரையைக் கொடுத்தான். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அத்தைக்கு வெளியுலகம் என்றால் ஜன்னல்தான். மகள், அவன் மனைவி, இறந்தபின் அதையும் சாத்தச் சொல்லிவிட்டார்.

நடமாட முடியாதவர்களுக்காகப் பொது நூலகத்தை மெய்நிகராகக் கட்டுவது அவன் வேலை. மனைவி வேலை பார்த்த அதே நூலகம். சோதித்தவர்கள் கண்ணை மூடும் ஹெட்செட்டை மாட்டினார்கள், "ஜோரா இருக்கு" என்றார்கள், கழற்றிவிட்டார்கள். ஒருவர்கூட ஒரு புத்தகத்தைத் தொடவில்லை. இப்படியே போனால் மூடுவிழாதான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும்; அந்த அறைகள் அழிவதை அவனால் தாங்க முடியாது.

ஹெட்செட்டை அத்தையிடம் நீட்டினான்.

"குதிரைக்குக் கண்ணைக் கட்டுற மாதிரி இருக்கு" என்றபடி மாட்டிக்கொண்டார். தலை அங்குமிங்கும் திரும்பியது.

"என்ன மாப்ள, கழுவித் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு? எதத் தொடவும் கை வரல. வாசப்பக்கம் அந்தத் தள்ளுவண்டி எங்க?"

படம்பிடித்த அறைகளில் ஒழுங்கற்றதை எல்லாம் நீக்குவது தொழில் வழக்கம். வாசகர்கள் திருப்பிக் கொடுத்ததைக் கண்டபடி குவித்த அந்த வண்டியைத்தான் முதலில் நீக்கினான். அதன் கைப்பிடியில் மனைவியின் சால்வை தொங்கியது.

"வந்ததும் எல்லாரும் அதத்தான் மொய்ப்பாங்க. அடுத்தவன் என்ன படிச்சான்னு பாக்கறதுல ஒரு அற்ப ஆசை. அடுக்கிட்டா எவனும் சீந்த மாட்டான்னு அவளே சொல்லுவாளே!"

மாலைக்குள் பழைய கோப்பிலிருந்து வண்டியை மீட்டான், சால்வையோடு. அத்தை மறுபடி மாட்டிக்கொண்டார். கை காற்றில் துழாவியது, எதையோ எடுத்தது, பக்கம் புரட்டியது. காபி ஆறி ஏடு படிந்தது, கழற்றவில்லை. இனி மூடுவிழா இருக்காது என்று அவனுக்குப் பட்டது.

"மாப்ள, இந்தத் துப்பறியும் கதையத்தானே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டுப் போனா? நீங்க படிச்சதுதானே, யாரு கொலைகாரன்?"

"சொல்ல மாட்டேன் அத்தை."

"ஏன், சொன்னா வாய் வலிக்குமா?"

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று ஊரே கேட்டபோது, எல்லாரையும் நலம் விசாரித்தாள் என்று சமாளித்திருந்தான். இப்போதுதான் உள்ளதைச் சொன்னான். அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகையில் ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கி அவள் சொன்னது:

"இன்னும் ரெண்டு அத்தியாயந்தான் பாக்கி. கொலைகாரன் யாருன்னு சொல்லித் தொலைச்சிடாதீங்க."