குறை சொல்ல உத்தரவு

மெம்பரம்மா காரை விட்டு இறங்கியதுமே மூக்கில் பெயிண்ட் வாசனை ஏறியது. யாரோ எதையோ செய்துவைத்திருக்கிறார்கள் என்று அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

முன்னாள் படைவீரர் மருத்துவமனை என்று பலகை மாட்டிய இந்தப் பழைய ஓட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றத்தான் இரண்டு வருடமாக நாயாய்ப் பேயாய் அலைந்துகொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் டாக்டர், மழை வந்தால் ஒழுகும் கூரை, எல்லா நாளும் ஒரே நர்ஸ். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களுக்கென்று ஆரம்பித்த இடம். ஆனால் பக்கத்தில் வேறு ஆஸ்பத்திரியே கிடையாது என்பதால் கைக்குழந்தைக்காரியும், கட்டட வேலையில் கை நசுங்கியவனும், சர்க்கரை ஏறிய கடைக்காரரும் இங்கேதான் வந்து நின்றார்கள். அதை மூடிவிட்டு எல்லோரையும் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ யோசனை உதித்துவிட்டது. நகரம் என்றால் பஸ்ஸில் போகவே அரை நாள். மெம்பரம்மா சட்டமன்றத்தில் எழுந்து கேட்டாள், மந்திரியின் அறை வாசலில் காத்துக் கிடந்து கேட்டாள். கரடியாய்க் கத்தியதற்குக் கடைசியில் ஒரு பலன் கிடைத்தது. ஆணையம் ஒன்று நேரில் வந்து பார்க்கும். கூட்டமும் அவதியும் கண்ணில் பட்டால் பணம் ஒதுக்கி இடத்தைப் பெரிதாக்குவார்கள். ஆளும் இல்லை, தேவையும் இல்லை என்று தோன்றினால் பூட்டு.

ஆணையம் என்று பெயர்தான் பெரிது. ஆள் ஒருவர்தான், ஓய்வுபெற்ற ஜெனரல். வினை வந்ததே அங்கேதான். ஒரு குமாஸ்தாவை அனுப்பியிருந்தால் இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காது. ஜெனரல் பார்வையிட வருகிறார் என்று காதில் விழுந்த நொடியே, ஊரிலிருந்த பழைய சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் இருபது வயது குறைந்துவிட்டது.

தெரு முனை வரை நெளிந்து நிற்கும் வரிசையைக் காணோம். வீறிட்டு அழும் குழந்தைகளைக் காணோம். ஒழுகும் இடங்களில் வைத்திருந்த வாளிகளை எங்கோ ஒளித்துவிட்டார்கள், கூரையில் புதுத் தகடு மின்னியது. பெஞ்சுகள் நூல் பிடித்தாற்போல் நின்றன. முற்றத்தில் சலவைச் சட்டையும் பதக்கமுமாக, மழமழவென்று சவரம் செய்த முகங்களோடு பெரியவர்கள் அணிவகுத்திருந்தார்கள். அணியின் கடைக்கோடியில், ஒரு செயற்கைக் காலும் ஓர் ஊன்றுகோலுமாக அவளுடைய அண்ணன்.

"என்னண்ணா இது?"

"எது?"

"ஜனங்க எங்கே?"

"நாளைக்கு வரச் சொல்லிட்டோம். பெரியவர் வர்ற நேரத்துல கும்பலா நின்னுட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

மெம்பரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தக் கும்பலைக் காட்டத்தானே அவரையே வரவழைச்சேன்."

"நான் சொல்லிப் பார்த்தேன் மேடம்," என்றாள் நர்ஸ், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "என்னையே வீட்டுக்குப் போய் உடுப்பை இஸ்திரி போட்டுட்டு வரச் சொல்லிட்டாரு உங்க அண்ணன்."

அண்ணன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ஊரில் அவனுக்குப் பட்டாளம் என்றுதான் பெயர். சண்டையில் ஒரு காலை விட்டுவிட்டுத் திரும்பியவன், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டிலேயே இருந்துகொண்டான். குறை சொல்வதற்கென்று ஓர் உத்தியோகம் இருந்தால் அதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. டீ ஆறிப்போச்சு, மின்விசிறி முனகுது, பேப்பரை யாரோ மடிச்சுட்டாங்க, உன் கட்சிக்காரனுக்குப் பேசத் தெரியல. ஆஸ்பத்திரிக்காக ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று அவள் ஒரு நாள் வீட்டில் சொன்னபோது, "நீ பேச்சுக்குச் சொல்றே, நான் நெஜமாவே நிக்கறேன்," என்று அவள் வாயை அடைத்தவன். அந்த வாய் இன்றைக்கு உதவும் என்று மலைபோல நம்பியிருந்தாள்.

நேரம் இருந்தால் நாலு பேரையாவது கூப்பிட்டு வந்து வாசலில் நிறுத்தியிருப்பாள். அதற்குள் ஜெனரலின் கார் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார், அந்த வழக்கம் பட்டாளத்தோடு போகவில்லை போலிருக்கிறது. ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். அணிக்கு முன்னால் வந்து ஒவ்வொருவரிடமும் நின்றார். முதல் இரண்டு பேர் குறையே இல்லை என்று சொல்லிவிட, மூன்றாமவரிடம் வந்தார்.

"ஏதாவது குறை இருக்கா?"

"கிடையாது சார்."

இந்த ஆள்தான் போன வாரம் அவள் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்து, முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்ற நாலு நாள் காக்க வேண்டியிருக்கிறதென்று ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தவர். மெம்பரம்மா இருமினாள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு?"

"கிடையாது சார்."

இவர் அவள் மேஜையைக் குத்திப் பேசியவர். குத்திய வேகத்தில் கண்ணாடி டம்ளர் ஒன்று உடைந்தது. அவள் கண்ணால் ஜாடை காட்டினாள், புருவத்தை உயர்த்தினாள், சத்தமில்லாமல் 'கூரை, கூரை' என்று வாயசைத்தாள். ஒரு கண்கூட அவள் பக்கம் திரும்பவில்லை.

கடைசியாக அண்ணன். ஜெனரல் அவன் காலைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் குரலைத் தணித்துக் கேட்டார். "உனக்கு?"

"எந்தக் குறையும் கிடையாது சார்."

அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. "சார், வழக்கமா இங்க கூட்டம் தெரு முனை வரைக்கும் நிக்கும்," என்றாள்.

ஜெனரல் காலி முற்றத்தையும், வெள்ளைச் சுவரையும், ஆளில்லாத பெஞ்சுகளையும் பார்த்தார். "அப்படியா," என்றார், அவளைப் புண்படுத்தக் கூடாது என்கிற தொனியில். "ரொம்ப நேர்த்தியா வெச்சிருக்காங்க. இந்த ஒழுங்கை அவசியம் அறிக்கையில குறிப்பிடறேன்." அந்த அறிக்கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. மேலே இரண்டு வரி பாராட்டு, கீழே பூட்டு.

அவர் வாசலை நோக்கி நடந்ததும் அவள் அண்ணன் பக்கம் பாய்ந்தாள். "உங்க எல்லாருக்கும் நாக்குல என்ன பூட்டா போட்டிருக்கு? வீட்ல டீ ஆறினதுக்கு ஊரையே கூட்டுவியே. இப்ப எங்கே போச்சு அந்த வாய்?"

"அவர் கேக்கறப்போ அப்படித்தான் வரும். பழகிப்போச்சு."

"ரெண்டு வருஷம்ணா. ரெண்டு வருஷமா செருப்புத் தேய நடந்திருக்கேன். ரெண்டு நிமிஷத்துல குழி தோண்டிட்டீங்களே." அணியில் நின்றவர்கள் இப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துத் திருட்டு முழி முழித்தார்கள். மேஜையைக் குத்தியவர் தன் செருப்பு நுனியை ஆராய்ந்தார்.

வாசலில் ஜெனரல் காரில் ஏறப்போனவர், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் சுருங்கியது, ஒரு கை முட்டிக்குப் போனது. மெம்பரம்மா ஓடிப் போய் நின்றாள்.

"முட்டி வலியா சார்?"

"ஒண்ணுமில்லம்மா."

"காலையிலேர்ந்து ரெண்டு மாத்திரை போட்டாச்சு," என்றான் டிரைவர், முன்னால் பார்த்தபடியே. "வீட்ல அம்மா இன்னைக்குப் போக வேணாம்னு சொன்னாங்க."

ஜெனரல் அவனை முறைத்தார். மெம்பரம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இனிமேல் இழக்க என்ன இருக்கிறது என்ற துணிச்சலும் வந்தது.

"உள்ளே அவங்களும் இதே பதிலைத்தான் சார் சொன்னாங்க. ஒண்ணுமில்லன்னு. நீங்க கேட்டா அப்படித்தான் சொல்லுவாங்க, உசுரு போனாலும் மாத்த மாட்டாங்க. அதனால கேக்காதீங்க. உத்தரவு போடுங்க."

ஜெனரல் கார்க் கதவைச் சாத்தினார், என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. முட்டியைத் தடவிக்கொண்டே, இந்த முறை நொண்டுவதை மறைக்காமல், திரும்ப முற்றத்துக்கு நடந்தார். பழைய ஆட்கள் சட்டென்று விறைத்தார்கள்.

"ஒவ்வொருத்தரும் ஒரு குறை சொல்லணும்," என்றார். "இல்லன்னு யாரும் சொல்லக் கூடாது. இது உத்தரவு."

எதிரி வந்து நின்றிருந்தால்கூட அவர்கள் இவ்வளவு திண்டாடியிருக்க மாட்டார்கள். முதல் ஆள் எச்சில் விழுங்கி, குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது என்றார். இரண்டாமவர், பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர் குறட்டை விடுகிறார் என்றார். பக்கத்தில் உட்காருகிறவர் அணியிலேயே நின்றுகொண்டிருந்தார், அவர் காது சிவந்தது. ஆனால் மூன்றாவது ஆளுக்கு வாய் திறந்துகொண்டது. முதுகுப் புண், நாலு நாள் காத்திருப்பது, சீழ். மேஜையைக் குத்தியவர் கூரையையும் ஒளித்து வைத்த வாளிகளையும் போட்டு உடைத்தார். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி பிரசவ வலியோடு வந்து, டாக்டர் இல்லாத நாளாகப் போனதால் லாரியில் ஏற்றி அனுப்பியதை ஒருவர் சொன்னார். இன்று காலையில் திருப்பி அனுப்பியவர்களில் காய்ச்சல் குழந்தைகளும் இருந்தன என்றார் இன்னொருவர், தரையைப் பார்த்துக்கொண்டு. நர்ஸுக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அவளும் நடுவில் புகுந்து இரண்டு சொன்னாள். இதைத்தானே, இதைத்தானே கேட்டேன் என்று மெம்பரம்மா மனசுக்குள் கூவினாள்.

முறை அண்ணனிடம் வந்தது.

"சொல்லியே ஆகணுமா சார்?"

"உத்தரவு."

அவன் ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டான். "இல்லாத கால் வலிக்குது சார். பாதத்தைப் பிடிச்சு யாரோ முறுக்கற மாதிரி. படுத்தா தூக்கம் கிடையாது."

"எத்தனை நாளா?"

"கால் போனதுலேர்ந்தே."

அடுத்த அறையில் அவன் விடிய விடிய ரேடியோவை ஓட விடுவதற்கு மெம்பரம்மா எத்தனை தரம் சண்டை போட்டிருப்பாள். மேடையில் ஒரு தடவை, என் அண்ணன் வலியோடு வாழ்கிறார் என்று பேசியதற்கு, வலியுமில்லை ஒன்றுமில்லை, ஏன் என்னை வைத்து ஓட்டுக் கேட்கிறாய் என்று அவன் ஒரு வாரம் பேசாமல் இருந்தான். அதற்கப்புறம் அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஒரே வீடு, ஒரே சுவர், ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

ஜெனரல் கனிவாகத்தான் கேட்டார். "இதுக்கு இங்க வைத்தியம் கிடையாதேப்பா. நகரத்து ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனி டாக்டர் இருக்காரு. அங்க மாத்தறதுதானே உனக்கு நல்லது?"

"தெரியும் சார். நர்ஸம்மா அப்பவே சொன்னாங்க."

மெம்பரம்மாவால் அடக்க முடியவில்லை. ஜெனரல் இருக்கிறார், ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் மறந்துபோனது. "தெரிஞ்சுமா பேசாம இருந்தே? உனக்கு அறிவிருக்கா? நான் கூட்டிட்டுப் போக மாட்டேனா? காரு இருக்கு, ஆளு இருக்கு, ஒரு வார்த்தை சொன்னா அடுத்த நாளே அங்க சேர்த்திருப்பேனே. இத்தனை வருஷம் எதுக்குண்ணா இப்படிக் கெடந்தே?"

அண்ணன் முதல் தடவையாக அணியை விட்டுத் திரும்பி அவளைப் பார்த்தான். டீ ஆறிப்போனதைச் சொல்லும் அதே எரிச்சலோடுதான் சொன்னான்.

"முன்னெல்லாம் வீம்பு. இந்த ரெண்டு வருஷம் அப்படி இல்ல. நான் அங்க போயிருந்தா, நீ சட்டமன்றத்துல எந்திரிச்சு இந்த ஆஸ்பத்திரிய மூடாதீங்கன்னு கேக்கறப்போ, உங்க அண்ணனே அங்கதானே போறாருன்னு எவனாவது திருப்பிக் கேப்பான். நீ என்ன பதில் சொல்லுவே?"

ஜெனரல் வாசல் பக்கம் திரும்பி, காரை அணைக்கும்படி டிரைவருக்குக் கை காட்டினார்.